தேயிலை விளையாத தீவு

அக்கா,

இந்த ஆடியிலும் கம்பளி காயவில்லை. பல நாளாக அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்தது. கை வைத்துப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். போர்த்திக்கொண்டால் நெஞ்சின் மேல் ஓர் ஈரம் வந்து உட்காரும். புகையும் ஆட்டு மயிரும் பூஞ்சணமும் கலந்த அந்த வாசனையை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேவாலாத் தேயிலைத் தோட்டத்தில் நாம் இருந்த லயத்துக் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, வேறு வாசனையே கிடையாது. இன்று காலை குன்னூர் வீட்டில் அதை மடித்து வைக்கும்போது மூக்கில் ஏறியது. கூடவே உன் இருமலும் கேட்டது. இரண்டையும் என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

கம்பளியை இப்போது மடித்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு அது சில வாரங்களுக்குத் தேவைப்படாது. நான் மால்டாவுக்குப் போகிறேன். மத்தியதரைக் கடலில் இருக்கிற, நம் தோட்டத்துத் துரைசாணி வருடந்தோறும் மழைக்குப் பயந்து ஓடிய, அதே தீவுக்கு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. விசாவும் வந்துவிட்டது. அங்கே எனக்கு வேலை இல்லை, சொந்தம் இல்லை, கும்பிட வேண்டிய சாமியும் இல்லை. வெயிலில் உட்காரப் போகிறேன்.

நீ இருந்திருந்தால் எதுக்குடா என்று கேட்டிருக்க மாட்டாய். மற்ற எல்லோரும் கேட்கிறார்கள்.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்னைச் சிலோன் சார் என்றே கூப்பிடுகிறார். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

“ஏனுங்க சிலோன் சார், வெயிலுக்கா அவ்வளவு தொலைவு போறீங்க? இங்க பஸ் ஏறி மேட்டுப்பாளையத்துல எறங்கி நின்னாப் போச்சு. முதுகுத் தோலு உரிஞ்சு போயிருமுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை இறங்கி நின்றிருக்கிறேன் சார்” என்றேன். “தலையில் பெட்டியோடு, எங்களை ஏற்றிப்போக லாரி வரும்வரை. வெயில் நன்றாகத்தான் இருந்தது.”

சிரிப்பு நின்றது. நிற்கட்டும் என்றுதான் சொன்னேன்.

முதல்வர் வேறு மாதிரி. அவர் என் விடுப்பு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிகுந்த பரிவோடு பேசினார். “சிலோனுக்குப் போறீங்களோன்னு நெனச்சேன் சார். பொறந்த மண்ணைப் பார்த்துட்டு வரேன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு. இல்ல, காசி ராமேஸ்வரம்னாலும் சரி. சும்மா ஒரு தீவுக்குப் போறேன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?”

சும்மா என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நம்மைப் போன்றவர்களுக்கு எந்தப் பயணம் பொருத்தம் என்பதில் ஊருக்கே ஒரு கருத்து இருக்கிறது அக்கா. ராமேஸ்வரம் போகலாம், சிலோனிலிருந்து நம்மை ஏற்றிவந்த கப்பல் நின்ற கடலைப் பார்த்து அழலாம். அந்தப் பக்கம் பதுளைக்குப் போகலாம், இடிந்த லயத்துச் சுவரைத் தொட்டு அழலாம். அழுவதாக இருந்தால் லீவு உண்டு. ஆராய்ச்சி மாணவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு, கப்பல் ஏறிய நாளைச் சொல்லுங்கள் என்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் கண் என் கண்ணையே பார்க்கும், எப்போது கலங்கும் என்று. உங்களுக்கு எந்த ஊருக்குச் சுற்றுலா போக ஆசை என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. உனக்கு அந்த ஆசை இருந்தது என்று நான் சொன்னால் எழுதிக்கொள்ளவும் மாட்டார்கள். அவர்களுடைய தலைப்பில் அது அடங்காது.

நாம் தேவாலாவுக்கு வந்த மறு வருடம் நீ பங்களாவில் ஆயாவாகச் சேர்ந்தாய். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மிச்சமிருந்த கடைசி வெள்ளைக்காரத் துரைகளில் ஒருவருடைய பங்களா அது. அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். நான் ஊட்டியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தால் பகலெல்லாம் பங்களா அடுக்களையில்தான் கிடப்பேன், அங்கே நெருப்பு இருந்ததால். சாப்பாட்டு அறைச் சுவரில் மால்டாவின் சட்டமிட்ட படம் ஒன்று தொங்கியது. நீலக் கடல், மஞ்சள் கல்லில் கட்டிய வீடுகள், கரையில் வண்ண வண்ணப் படகுகள், ஒவ்வொரு படகின் மூக்கிலும் வரைந்த இரண்டு கண்கள். மழைக்காலத்தில் அதன் கண்ணாடிக்குள்ளும் பூஞ்சணம் ஏறும். நீ சட்டத்தைக் கழற்றித் துடைப்பாய். ஒருநாள் துடைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாய்.

“இங்க வாடா தம்பி. படகுக்கு ஏன்டா கண்ணு வச்சிருக்கான்?”

“வழி தெரியறதுக்காம்.”

“நம்ம வந்த கப்பலுக்கும் ரெண்டு கண்ணு வரஞ்சிருக்கலாம். எங்க போறோம்னு அதுக்காச்சும் தெரிஞ்சிருக்கும்.”

பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாய். “இது சப்பாத்திக்கள்ளிதானே?”

“ஆமா. அங்க வேலியெல்லாம் அதுதானாம்.”

“மழ?”

“கோடையில ஒரு சொட்டு விழாதாம்.”

“அட்ட?”

“மழையே இல்லைங்கறேன், அட்டை எங்கிருந்து வரும்?”

துடைக்கிற துணியை மேசை மேல் வைத்துவிட்டு, நீதிபதியிடம் கடைசிக் கேள்வியைக் கேட்கிற வக்கீலைப் போல நிமிர்ந்து நின்று கேட்டாய்.

“தேயில?”

“கிடையாது அக்கா. அந்தத் தீவுல தேயிலை வெளையாது.”

“ஒரு செடிகூடவா?”

“ஒரு செடிகூட.”

“அப்ப அதுதான்டா ஊரு” என்றாய்.

எத்தனையோ சுற்றுலாக் கையேடுகளை இப்போது படித்துவிட்டேன். தெளிந்த நீர், பழைய கோட்டைகள், மீன் சாப்பாடு, ஆங்கிலம் பேசும் மக்கள் என்று ஆளுக்கு ஆள் காரணம் எழுதியிருக்கிறார்கள். நீ சொன்னதற்கு ஈடான காரணம் எதிலும் இல்லை. நம் பூட்டனை ஏற்றிப்போன கப்பல் தோட்டத்துக்குத்தான் போனது. நம்மைத் திருப்பிக் கொண்டுவந்த கப்பலும், அதற்குப் பிறகு ஏற்றிய கோச்சி ரயிலும், மேட்டுப்பாளையத்தில் ஏற்றிய லாரியும் தோட்டத்துக்கே வந்து நின்றன. நாடு மாறியது, கொடி மாறியது, அரிசியின் ருசி மாறியது. காலையில் கதவைத் திறந்தால் தெரிகிற செடி மட்டும் மாறவில்லை. கதவைத் திறந்ததும் அந்தப் பச்சை கண்ணில் படாத ஓர் ஊரில் சில நாள் தூங்கி எழ வேண்டும் என்று நீ கேட்டாய். பேராசை என்றால் அவ்வளவுதான் உன் பேராசை.

அந்த ஆனியில் துரைசாணிக்கும் உனக்கும் ஒரே நேரத்தில் இருமல் பிடித்தது. கூடலூரிலிருந்து டாக்டர் வந்தார். நான் அடுக்களையில் இருந்தேன், பேச்சு முழுவதும் கேட்டது. மருந்தால் பெரிதாக ஆகப்போவதில்லை, உங்கள் நெஞ்சுக்கு வேண்டியது காய்ந்த காற்றும் வெயிலும், மழை ஓய்கிறவரை அந்தத் தீவிலேயே போய் இருங்கள் என்று துரைசாணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வெளியே போகிற வழியில், இரக்கப்பட்டு, உன் முதுகிலும் குழாயை வைத்துப் பார்த்தார்.

“சுடுதண்ணியா குடி. ஈரத்துல நிக்காத.”

தேவாலாவில், ஆனி மாதத்தில், ஈரத்தில் நிற்காதே என்றார்.

“டாக்டரய்யா, அந்தம்மாவுக்கு என்னா மருந்து எழுதுனீங்க?” என்று நீ கேட்டாய்.

“அவங்களுக்கா? வெயில்.”

“எனக்கும் அதயே எழுதுங்களேன். ரெண்டு பேருக்கும் ஒரே சளிதானே.”

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. ஒரு குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்த மாதிரி. அந்தச் சிரிப்பை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியாமல் கையை நீட்டினார். நான் நீட்டவில்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நீயும் வருகிறாயா என்று அடுத்த வாரம் துரைசாணி உன்னைக் கேட்டாள். நீ யோசிக்கக்கூட இல்லை, சரி என்றாய். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாய். என்னை மொழிபெயர்க்கச் சொன்னாய்.

“ஞாயித்துக்கெழம நான் ஆயா இல்லன்னு சொல்லு. கடக்கரையில சும்மா ஒக்காந்திருப்பேன். புள்ளைங்க வந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேன். சம்மதமான்னு கேளு.”

நான் சொன்னேன். துரைசாணி கைதட்டிச் சிரித்தாள், சம்மதம் என்றாள். நீ பங்களாவிலிருந்து லயத்துக்கு வந்த நடையை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். மழையில் குடையை விரிக்கவே மறந்துவிட்டாய்.

சனத்திடம் சொன்னதுதான் வினையாயிற்று.

கடல் தாண்டிப் போகிறாள் என்றதும் லயமே திரண்டு வந்தது. பக்கத்துக் காம்பரா பேச்சாயி, ஒரு புடவையும் புளிப் பொட்டலமுமாக வந்து நின்றாள்.

“பதுளையில எங்கண்ணன் வீட்டுல குடுத்துரு தாயி.”

“அது வேற பக்கம் பேச்சாயி. இது வெள்ளக்காரன் கடலு.”

“கடலுல என்னாடி வெள்ளக்காரன் கடலு, கறுப்பன் கடலு? தண்ணியத் தாண்டுறேல்ல? தாண்டுனா அந்தாண்ட நம்ம ஆளுகதான் இருப்பாக.”

கடைசிக் காம்பராக் கிழவர் ஒருவர் வாயைத் திறக்காமல் கொடுப்புக்குள் சிரித்தார். “அவ மாப்பிள்ளயப் பாக்கப் போறா. நம்மகிட்ட வெயிலுங்கிறா.”

உனக்குப் பேசி வைத்திருந்தவர் சிலோன் பிரஜையாகி அங்கேயே நின்றுவிட்டது எல்லோருக்கும் தெரியும். நீ சளைக்கவில்லை. “அவருக்குப் பாக்கணும்னா அவரு வரட்டும் மாமா. நான் வெயிலத்தான் பாக்கப் போறேன். அது என்னைய விட்டுட்டு எந்தப் பிரஜையாவும் ஆகாது.”

சிரித்தார்கள், பிறகு அழத் தொடங்கினார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்தாள், இன்னொருத்தி நெற்றியில் திருநீறு பூசினாள். போய்விட்டு வந்துவிடுவேன் என்று நீ சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. நம் சனத்தில் போனவர்கள் எல்லோருமே அப்படிச் சொல்லிவிட்டுத்தானே போனார்கள்.

அங்கே, அந்தப் பக்கத்தில், இந்தியாவுக்குக் கப்பலேறுகிறவர்கள் அம்மியைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பித்தளையைப் பெட்டியில் அடைக்கலாம். அம்மியை யார் தூக்கிப் போவது? கொடுக்கிறவர் தன் கையால் உருட்டிக் கொண்டுபோய் வைக்க வேண்டும், வாங்குகிறவர் அதில் மஞ்சள் அரைத்து விட வேண்டும். அம்மி போய்விட்டால் ஆள் போனதாக அர்த்தம். பேச்சாயி அந்த முறை பிசகக் கூடாது என்று நினைத்தாள். நீ கேட்காமலேயே, நீ பங்களாவில் இருந்த நேரத்தில், உனக்கு உதவியாக, தன் மகனையும் கூட்டிக்கொண்டு நம் அம்மியை உருட்டித் தன் காம்பரா வாசலில் கொண்டுபோய் வைத்து மஞ்சளும் அரைத்துவிட்டாள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான்.

அதைத் தோட்டத்து மேஸ்திரி பார்த்தார், மலையாளத்துக்காரர். இத்தனை வருடம் நம் ஆட்களோடு பழகி அவருக்கும் அந்த வழக்கம் தெரியும். ஆபீசில் போய்க் காம்பரா காலி என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே மண்டபம் முகாமிலிருந்து, நம்மைப் போலக் கப்பலில் வந்தவர்களோடு, ஒரு லாரி வந்தது. அந்தக் காலத்தில் லாரி வராத வாரம் எது? ஓர் ஆணும் பெண்ணும் மூன்று பிள்ளைகளும், வெள்ளைப் பெயின்டில் பெயரெழுதிய தகரப்பெட்டியும் நம் வாசலில் மழையில் நின்றிருந்தார்கள்.

“இது எங்க காம்பரா” என்றேன்.

“அம்மி போயல்லோ, அப்போ ஆளும் போகும். ரூம் இவங்களுக்கு” என்றார் மேஸ்திரி. “நீ காலேஜில் அல்லே, உனக்கு எதுக்கு ரூம்?”

நீ ஈரப் புடவையோடு பங்களாவுக்குத் திரும்பி நடந்தாய். நான் பின்னால் வந்தேன். வராந்தாவில் துரையும் துரைசாணியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு உட்கார இடம் காட்டவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. நீ நேராக விஷயத்துக்கு வந்தாய்.

“நான் திரும்பி வர்ற வரைக்கும் காம்பரா என் பேர்ல இருக்கணும். அத மட்டும் சொல்லச் சொல்லு.”

துரை கெட்டவர் இல்லை என்று அந்தத் தோட்டத்தில் இன்றும் சொல்கிறார்கள். பொறுமையாகத்தான் பதில் சொன்னார். ஆட்கள் மழையில் நிற்கும்போது ஒரு காம்பராவைக் காலியாகப் பூட்டி வைக்க முடியாது. நீ வந்த பிறகு பார்க்கலாம் என்றார். அதை உனக்குத் தமிழில் நான் சொன்னேன்.

“பாக்கலாம்னா என்னா? இருக்குங்கிறாரா, இல்லங்கிறாரா?”

வந்த பிறகு பார்க்கலாம் என்றார் மறுபடியும்.

“அந்தப் புள்ளைங்க நனையுது, எனக்கும் கண்ணு இருக்கு. நான் இல்லேங்கல. தொரசாணி போன பின்னாடி தொரையும் கெளம்பிப் போறாரே, அப்ப இந்தப் பங்களா மழையெல்லாம் பூட்டித்தானே கெடக்கு? அதுல எந்த லாரியில வந்தவுங்கள வச்சாருன்னு கேளு.”

அக்கா, நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். கல்லூரியில் கற்ற ஆங்கிலம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்பது போல, ஒரு சொல்லைக்கூட மெதுவாக்காமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறந்த ஆங்கிலம் அதுதான்.

துரையின் காது சிவந்தது. அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். “விடுமுறை என்பது திரும்பி வர வீடு இருப்பவர்களுக்கு. உன் அக்காவிடம் சொல்.”

சொன்னேன்.

“ஆமா, அதத்தானே நானும் கேக்குறேன்? வீட்டக் குடுக்கச் சொல்லு, திரும்பி வாரேன்.”

துரைசாணிக்கு மனம் கேட்கவில்லை. எழுந்து வந்து உன் தோளில் கை வைத்தாள். அசடாக இருக்காதே, ஒரு காம்பராவுக்காக வெயிலை விடாதே, திரும்பி வந்ததும் பங்களாவின் பின்பக்க அறையில் நீ படுத்துக்கொள்ளலாம் என்றாள். உண்மையாகவே உனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தாள். நீ அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டாய்.

“அது அவுங்க வீடு. திரும்பி வர எடமில்லாத பயணம் நான் ஒருதடவ போயாச்சு. ரெண்டாந்தடவ ஏறமாட்டேன்னு சொல்லு.”

நன்றி இல்லாதவள் என்று துரைசாணி அப்புறம் சமையல்காரரிடம் சொல்லி வருத்தப்பட்டாளாம். வேறு தோட்டத்திலிருந்து ஓர் ஆயாவைக் கூட்டிப் போனாள்.

நாம் இறங்கி வந்தோம். லயத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேச்சாயி வாசலிலிருந்து அம்மியை உருட்டத் தொடங்கினாய். நான் உதவிக்கு வந்தபோது விலக்கிவிட்டாய். பேச்சாயி அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். “அழுவாத. மஞ்சள நல்லாத்தான் அரச்சிருக்க” என்றாய். அம்மியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து, மழையில் நின்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாய். “என்னா வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு உள்ள வாங்க.” அந்த மழைக்காலம் முழுவதும் நாம் அத்தனை பேரும் ஒரே காம்பராவில் கிடந்தோம். கதவில் உன் பெயர்தான் இருந்தது. மேஸ்திரியால் அதை அழிக்க முடியவில்லை.

சில வருடம் கழித்துத் துரை ஒரேயடியாகக் கிளம்பிப் போனார். அந்தத் தீவில் கடலைப் பார்த்த வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். நீ தேவாலாவிலேயே இருந்தாய். எனக்குக் குன்னூரில் வேலை கிடைத்து வீடும் பார்த்த பிறகு, அந்த ஈரத்தை விட்டு வந்துவிடு என்று கெஞ்சினேன். “லீவுல வாரேன்டா. ஒரேயடியா வான்னு மட்டும் கூப்பிடாத” என்றாய். கோடையில் வந்தாய். முற்றத்தில் நாற்காலி போட்டு முதுகைச் சூரியனுக்குக் காட்டியபடி உட்கார்ந்திருப்பாய். முதல் மழை விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாய். நீ கண்ணை மூடியது ஓர் ஆடி மாதத்தில். உன் கம்பளி அன்றும் காய்ந்திருக்கவில்லை.

என் மனைவியை நீ பார்த்ததில்லை. அருவங்காட்டுக்காரி. அவள் அப்பா துப்பாக்கி மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸிலேயே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவளுக்கு. அவளும் வருகிறாள். நேற்றுப் பெட்டி அடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஏங்க, அக்கா போட்டோ ஒன்னு எடுத்துக்கலாமா? அந்தக் கடக்கரையில வச்சு ஒரு பூவாச்சும் போட்டுட்டு வருவோம். அவங்க ஆசப்பட்ட எடமாச்சே.”

வேண்டாம் என்றேன். சற்றுக் கோபமாகவே சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. நீ அந்த வெயிலுக்குப் போகவில்லை. நான் போய் உட்கார்ந்து ஒரு பூவைத் தண்ணீரில் விட்டுவிட்டால் நீ போனதாக ஆகிவிடுமா? ஆகும் என்று நினைத்தால் எல்லோருக்கும் நிம்மதி. அந்தத் துரைக்கும், டாக்டருக்கும், நம் சனத்தைப் பங்கு பிரித்து இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்ட மேசைக்கும்கூட நிம்மதி. அவர்களுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. உன் வெயில் உனக்குக் கிடைக்கவில்லை என்பது அப்படியே இருக்கட்டும். இது என் வெயில். என் லீவு.

வெயிலில் நாலு நாள் உட்கார்ந்தால் மனசு லேசாகிவிடும் என்றும் அவள் சொல்கிறாள். லேசாக வேண்டியது முதுகும் மூட்டும்தான். மனசு கனமாகவே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. அந்தத் தீவின் மஞ்சள் கல் சுவரில் சாய்ந்துகொண்டு, நல்ல மீன் சாப்பிட்டுவிட்டு, முழுக் கோபத்தோடு உட்கார்ந்திருக்க முடியாது என்று யார் சொன்னது?

பொருளாதாரக்காரர் நேற்று மறுபடியும் வந்தார். அவர் தங்கை மகன் ஊட்டி பார்க்க வருகிறானாம். “ஏனுங்க, ஊடு சும்மாதானுங்களே பூட்டிக் கெடக்கும்? பையன் பத்து நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமுங்களே.” மழையில் நிற்கிறானா உங்கள் பையன் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. லாட்ஜில் ரூம் போட்டிருக்கான், செலவு மிச்சமாகுமேன்னுதான் என்றார். அப்படியானால் வீடு பூட்டியே கிடக்கட்டும் சார் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஒருவேளை இனிமேல் சிலோன் சார் என்று கூப்பிடாமலே விட்டுவிடுவார். நல்லது.

நம் குடும்பத்தில் கடல் தாண்டியவர்கள் ஒருவரும் புறப்பட்ட வாசலுக்குத் திரும்பவில்லை அக்கா. பூட்டன் திரும்பவில்லை. அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து மண்ணிலேயே அடங்கினார்கள். நீயும் நானும் விட்டு வந்த லயத்தை மறுபடி பார்க்கவே இல்லை. நீ அந்த வராந்தாவில் கேட்டது தீவை அல்ல, வெயிலைக்கூட அல்ல. திரும்பி வருவதைத்தான் கேட்டாய். ஈரப் புடவையோடு நின்று கேட்ட அந்தக் கேள்வியை மொழிபெயர்த்த நாளிலிருந்து இறக்கி வைக்காமல் சுமந்துகொண்டிருக்கிறேன். படிப்பும் வேலையும் இந்த வீடும் அதற்குப் பிறகு வந்தவை.

முதல்வர் கடைசியில் விடுப்பை அனுமதித்துவிட்டார். நான் இல்லாத நாட்களுக்கு வகுப்புகளைப் பிரித்துக் கொடுக்கும்போது, “எதுக்கும் இருக்கட்டும், திரும்பி வர்ற வாரத்துக்கும் வேற ஆளைப் போட்டுடட்டுமா சார்? அலுப்பா இருக்கும், முன்னப் பின்ன ஆகலாம்” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஆவணி முதல் திங்கட்கிழமை, காலை முதல் வகுப்பு, இரண்டாம் ஆண்டு வரலாறு. அது என் வகுப்பு. அதில் வேறு யார் பெயரையும் எழுத வேண்டாம். நான் வந்துவிடுவேன்.

தம்பி